"மாமா, அது நிஜமாவே நடந்ததா?": இயேசுவின் வாழ்வும் உயிர்த்தெழுதலும்

#1 வைகறை

மூன்று மாதத்துக்கு முன் அப்பாவை அடக்கம் செய்தோம். போதகர் கல்லறை ஓரத்தில் நின்று "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்ற வசனத்தை வாசித்தார். ஆளுக்கொரு பிடி மண் போட்டோம். விரலிடுக்கில் ஒட்டிய ஈரமண்ணை நான் உதிர்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற தங்கை மகன் காதோடு கேட்டான்: "மாமா, அவர் எழுந்தது நிஜமாவே நடந்ததா? இல்ல, நம்ம மனசு ஆறணும்னு சொல்றதா?"

பதினாறு வயசுப் பையன். தாத்தா மடியில் வளர்ந்தவன். "அப்புறம் பேசலாம்டா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அப்புறம் பேச என்னிடம் ஒன்றுமே இல்லை என்பது அன்று ராத்திரிதான் உறைத்தது. ஞாயிறு பள்ளியில் பத்து வருஷம் பாடம் எடுத்திருக்கிறேன். மனப்பாடமாக வசனம் வரும். ஆனால் "எப்படித் தெரியும்?" என்று ஒரு பிள்ளை கேட்டால் "வேதத்தில் இருக்கிறது" என்பதைத் தாண்டி எனக்குப் போகத் தெரியவில்லை.

அன்றிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். முதலில் செய்தது, கையில் இருந்த பழைய வாதங்களில் பாதியைத் தூக்கிப் போட்டது. "இயேசு உயிர்த்தெழுந்ததற்கு இருக்கிற ஆதாரம் ஜூலியஸ் சீசர் வாழ்ந்ததற்குக்கூட இல்லை" என்று நானே பாடத்தில் சொல்லியிருக்கிறேன். அது தப்பு. சீசர் தன் கையாலேயே எழுதிய போர்க் குறிப்புகள் இருக்கின்றன, அவர் உயிரோடு இருந்தபோது அவர் முகம் போட்டு அடித்த நாணயம் இருக்கிறது. "பன்னிரண்டு சீஷர்களும் இரத்தசாட்சியாகச் செத்தார்கள், பொய்க்காக யார் சாவார்?" என்பதும் அப்படியே நிற்காது. செபெதேயுவின் மகன் யாக்கோபு, பேதுரு, பவுல், கர்த்தருடைய சகோதரன் யாக்கோபு: இந்த நாலு பேருக்குத்தான் பழைய எழுத்துச் சாட்சி உறுதியாக இருக்கிறது. மற்றவர்களின் கதைகள் பெரும்பாலும் பிற்காலத்தில் எழுதப்பட்டவை.

இவ்வளவையும் கழித்த பிறகும் கையில் ஒன்று மிஞ்சி நிற்கிறது. அது என்ன என்று பிறகு எழுதுகிறேன். அதற்கு முன், நம்பாதவர்கள் தயவுசெய்து உங்கள் பலமான கேள்வியை இங்கே வையுங்கள். பையனிடம் உட்கார்ந்து பேசுவதற்கு முன்னால் என் பதில் எங்கே உடையும் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

#2 புதுவாசகன்

அடிப்படைக் கேள்வியிலிருந்து தொடங்கலாமா? இயேசு என்று ஒருத்தர் வாழ்ந்தார் என்பதற்கே பைபிளுக்கு வெளியில் ஏதாவது இருக்கிறதா? ஒசிரிஸ் என்ற எகிப்தியக் கடவுளின் கதை மாதிரி கட்டிய கதை என்று ஒரு காணொளியில் பார்த்தேன்.

#3 பழையஏடு

நான் கிறிஸ்தவன் இல்லை. ரோம வரலாறு வாசிப்பவன். இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

வாழ்ந்தார். இதில் ரோமக் காலத்தை ஆராய்கிறவர்களிடையே, கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் உட்பட, பெரிய சண்டை கிடையாது.

டாசிட்டஸ் என்ற ரோம வரலாற்றாளர், சுமார் 116இல் எழுதுகிறார். 64இல் ரோம் தீப்பிடித்தபோது நீரோ பழியைக் கிறிஸ்தவர்கள் மேல் போட்டான் என்று சொல்லும் இடத்தில், அந்தப் பெயருக்குக் காரணமானவர் பேரரசர் திபேரியு காலத்தில் யூதேயாவின் ரோம ஆளுநர் பொந்தியு பிலாத்துவின் கையால் தண்டிக்கப்பட்டார் என்று ஒரே வரியில் முடிக்கிறார். டாசிட்டஸுக்குக் கிறிஸ்தவர்கள் என்றாலே அருவருப்பு. கேடுகெட்ட மூடநம்பிக்கை என்கிறார். அவர்களுக்குச் சாதகமாக எழுத அவருக்கு எந்தத் தேவையும் இல்லை.

அடுத்தவர் ஜோசபஸ். யூதர், 37இல் எருசலேமில் ஆசாரியக் குடும்பத்தில் பிறந்தவர். 93–94 வாக்கில் எழுதிய யூத வரலாற்றில் இரண்டு இடத்தில் இயேசு வருகிறார். பதினெட்டாம் புத்தகத்தில் இருக்கிற பத்தியைக் கிறிஸ்தவப் பிரதியாளர்கள் பிற்காலத்தில் தொட்டிருக்கிறார்கள். "அவரே கிறிஸ்து" என்று ஒரு யூதர் எழுதியிருக்க மாட்டார். மூன்றாம் நூற்றாண்டில் ஒரிஜன் என்ற சபைப் பிதாவே, ஜோசபஸ் இயேசுவைக் கிறிஸ்துவாக ஏற்கவில்லை என்று சொல்கிறார். ஒட்டுப்போட்டதைக் கழற்றினால் அடியில் ஒரு சின்ன மூலக்குறிப்பு இருந்திருக்கும் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு.

எனக்கு முக்கியமாகப் படுவது இருபதாம் புத்தகம். 62இல் ரோம ஆளுநர் பெஸ்து இறந்துபோகிறார், புது ஆளுநர் அல்பீனு இன்னும் வந்து சேரவில்லை. அந்த இடைவெளியில் பிரதான ஆசாரியன் அன்னா அவசரமாகச் சங்கத்தைக் கூட்டி, "கிறிஸ்து எனப்படும் இயேசுவின் சகோதரன், யாக்கோபு என்ற பெயருடையவன்" என்பவரையும் வேறு சிலரையும் கல்லெறிந்து கொல்ல ஒப்புக்கொடுக்கிறான். நகரத்தில் நியாயமுள்ளவர்கள் கொதித்துப் புகார் கொடுக்க, அன்னாவின் பதவி போகிறது. இயேசுவைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று ஜோசபஸ் இதை எழுதவில்லை. ஓர் ஆசாரியன் பதவி இழந்த கதையைச் சொல்லும்போது, எந்த யாக்கோபு என்று அடையாளம் காட்ட அண்ணன் பெயரைப் போகிறபோக்கில் சொல்கிறார். அப்போது ஜோசபஸுக்கு வயது 25. அவருடைய ஊரில் நடந்த சம்பவம். இல்லாத ஆளுக்குத் தம்பி இருக்க முடியாது.

பிலாத்துவுக்குக் கல்வெட்டே இருக்கிறது. 1961இல் செசரியாவில், படிக்கட்டுக் கல்லாகத் திருப்பிப் போடப்பட்டிருந்த ஒரு சுண்ணாம்புக்கல்லில் அவன் பெயரும் பதவியும் கிடைத்தன.

ஒசிரிஸ் எழுந்து வீட்டுக்கு வரவில்லை, கீழுலகத்துக்கு அரசனாகிறான். காணொளிகள் இதைச் சொல்வதில்லை. ஆனால் ஒன்று, வைகறை: இதெல்லாம் அவர் வாழ்ந்தார், சிலுவையில் செத்தார் என்பதோடு நின்றுவிடும். மூன்றாம் நாள் எழுந்ததைப் பற்றி டாசிட்டஸிடம் கேட்க முடியாது.

#4 சாரோனின்ரோஜா

ஸ்தோத்திரம் பிரதர். விசுவாசத்துக்கு ஆதாரம் கேட்பதே தவறு. காணாதிருந்தும் விசுவாசிக்கிறவர்கள் பாக்கியவான்கள் என்று ஆண்டவர் சொல்லவில்லையா? பையனுக்காக ஜெபியுங்கள். அது போதும்.

#5 வைகறை

ஜெபிக்கிறேன் சிஸ்டர், தினமும். ஆனால் அந்த வார்த்தையைக் கேட்ட, காணாமல் நம்ப மாட்டேன் என்ற தோமாவுக்கு ஆண்டவர் முதலில் கையையும் விலாவையும் காட்டினார். கேட்டதற்காக அவனை அறையைவிட்டு வெளியே அனுப்பவில்லை. என் பிள்ளையை நான் எப்படி அனுப்புவது?

"கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால், எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா" என்று பவுலே எழுதிவிட்டார். நடந்ததா இல்லையா என்று கேட்கச் சொல்லித் தருகிற வசனமாகத்தான் நான் அதை வாசிக்கிறேன்.

#6 கேள்விக்குறி

வைகறை, உங்கள் அப்பாவுக்கு என் அஞ்சலி. பலமான கேள்வியைக் கேட்டீர்கள் என்பதால் மழுப்பாமல் எழுதுகிறேன். நானும் சபைக்குள் வளர்ந்தவன், இருபத்தைந்து வயதில் வெளியே வந்தேன். கோபத்தில் வரவில்லை, வாசித்துத்தான் வந்தேன்.

சுவிசேஷங்களை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்து, அவர் எழுந்ததாகச் சொல்லும் அந்த ஞாயிற்றுக்கிழமையை மட்டும் வாசியுங்கள். மாற்குவில் மூன்று பெண்கள், மத்தேயுவில் இரண்டு, லூக்காவில் ஒரு கூட்டம், யோவானில் மகதலேனா மரியாள் மட்டும். ஓரிடத்தில் ஒரு வாலிபன், இன்னோரிடத்தில் ஒரு தூதன், மற்ற இரண்டில் இரண்டு பேர். சீஷர்கள் கலிலேயாவுக்குப் போக வேண்டும் என்று மாற்குவும் மத்தேயுவும் சொல்ல, லூக்காவோ எருசலேமைவிட்டு நகரக் கூடாது என்கிறார். மத்தேயுவில் மட்டும் பரிசுத்தவான்களின் கல்லறைகள் திறந்து பலர் நகரத்துக்குள் நடந்து வருகிறார்கள். அவ்வளவு பெரிய சம்பவம் வேறு யார் கண்ணிலும் படவில்லை.

எல்லாவற்றுக்கும் பழையது மாற்கு, சுமார் 70. அதன் மிகப் பழைய முழுப் பிரதிகளான சினாய், வத்திக்கான் சுவடிகள் இரண்டிலும் 16:8 உடன் கதை முடிகிறது. பெண்கள் பயந்து ஓடுகிறார்கள், யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவுதான். உயிர்த்தெழுந்தவர் அங்கே யாருக்கும் காட்சி தரவில்லை. 9 முதல் 20 வரை பிறகு சேர்த்தது.

அடுத்தது மனித மனம். துணையை இழந்தவர்களிடம் வேல்ஸில் ஒரு மருத்துவர் விசாரித்து 1971இல் வெளியிட்டார். ஏறக்குறைய பாதிப் பேர், போனவர் பக்கத்தில் இருப்பதுபோல் உணர்ந்ததாகச் சொன்னார்கள். சிலர் உருவத்தைப் பார்த்தார்கள், சிலர் குரலைக் கேட்டார்கள். அவர்கள் பொய்யர்களும் இல்லை, பைத்தியக்காரர்களும் இல்லை. பேதுரு தன் குருவை மறுதலித்துவிட்டு அழுதவன். குற்றவுணர்வும் துக்கமும் சேர்ந்த மனசு என்னதான் பார்க்காது?

மூன்றாவது, "தலைவர் செத்தால் இயக்கம் கலைந்திருக்கும்" என்ற வாதம். 17ஆம் நூற்றாண்டில் சபத்தாய் ஸெவி என்பவரை யூதர்களில் பெருங்கூட்டம் மேசியா என்று நம்பியது. 1666இல் சுல்தான் முன்னால் மதம் மாறிவிட்டார். அதோடு முடிந்ததா? அதற்கும் ஒரு விளக்கம் கண்டுபிடித்து, ஒரு பிரிவினர் தலைமுறை தலைமுறையாக நம்பினார்கள். ஏமாந்த நம்பிக்கை அவ்வளவு சீக்கிரம் சாகாது.

சிலுவையில் அறைந்தவர்களைப் புதைக்க ரோமர் விடுவார்களா என்பதே முதலில் சந்தேகம். காலியான கல்லறை என்று ஒன்று இருந்ததா?

#7 பழையஏடு

கடைசிக் கேள்விக்கு மட்டும். பொதுவாக விட மாட்டார்கள், உண்மை. ஆனால் யூதேயா அமைதியாக இருந்த காலத்தில் விதிவிலக்கு உண்டு. சிலுவையில் அறையப்பட்டவர்களைக்கூடச் சூரியன் மறைவதற்குள் இறக்கி அடக்கம் செய்வது யூதர்களின் வழக்கம் என்று ஜோசபஸ் எழுதுகிறார். உபாகமம் 21இன் கட்டளை அது.

பொருளாகவே ஒரு சான்றும் இருக்கிறது. 1968இல் எருசலேமின் வடக்கே ஒரு குடும்பக் கல்லறையில் எலும்புப் பெட்டிகள் கிடைத்தன. ஒன்றின் மேல் யெஹோஹனான் என்று கீறியிருந்தது. உள்ளே ஒரு குதிகால் எலும்பு. அதற்குள் சுமார் 11 சென்டிமீட்டர் நீள இரும்பு ஆணி, பக்கவாட்டில் ஊடுருவி, முனை வளைந்து, எடுக்க முடியாமல் எலும்போடு நின்றுவிட்டது. ஆணியில் மரத்துணுக்கு ஒட்டியிருந்தது. முதலாம் நூற்றாண்டில் சிலுவையில் செத்த ஒருவனை அவன் வீட்டார் வாங்கி, அடக்கம் செய்து, சதை மக்கிய பிறகு எலும்பைப் பொறுக்கிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே நடக்கக் கூடியதுதான். நடந்தது என்று இந்த ஆணி சொல்லாது.

#8 மலையோரம்

நாசரேத்துக் கல்வெட்டை யாரும் சொல்லவில்லையே! கல்லறையைத் திறந்து உடலை எடுத்தால் மரண தண்டனை என்று ரோமப் பேரரசன் போட்ட ஆணை. காலியான கல்லறையைப் பற்றிய செய்தி ரோமுக்கே போய்ச் சேர்ந்ததற்குச் சாட்சி. இயேசுவின் உடலைச் சுற்றியதாகச் சொல்கிற டூரின் சீலையும் இருக்கிறது.

#9 வைகறை

சகோதரரே, இரண்டையும் நானும் ஒரு காலத்தில் பிடித்துக்கொண்டிருந்தேன். 2020இல் அந்தக் கல்லின் பளிங்கைச் சோதித்தார்கள். கோஸ் தீவின் சுரங்கத்துக் கல் என்று தெரிந்தது. அந்தத் தீவில் ஒரு கொடுங்கோலனின் கல்லறையை மக்கள் உடைத்ததை ஒட்டிய ஆணையாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. சீலையை 1988இல் மூன்று ஆய்வகங்கள் கார்பன் முறையில் சோதித்தன. 1260க்கும் 1390க்கும் இடைப்பட்டது என்று வந்தது. அதை மறுப்பவர்கள் இருக்கிறார்கள், தெரியும். ஆனாலும் என் பையனுக்குக் கொடுக்கிற ஊன்றுகோல் நாளைக்கே முறியக் கூடியதாக இருக்கக் கூடாது.

கேள்விக்குறி அண்ணாவுக்குப் பதில் எழுத இரண்டு நாள் தாருங்கள்.

#10 பிறைநிலா

அஸ்ஸலாமு அலைக்கும். ஈஸா நபியை நாங்களும் மதிக்கிறோம். ஆனால் அவர்கள் அவரைக் கொல்லவுமில்லை, சிலுவையில் அறையவுமில்லை என்று குர்ஆன் 4:157 சொல்கிறது. சிலுவையே நடக்கவில்லை என்றால் இந்த விவாதத்தின் அஸ்திவாரமே மாறிவிடுமே?

#11 பழையஏடு

வஅலைக்கும் ஸலாம். உங்கள் நம்பிக்கையை மதிக்கிறேன். வரலாறாக மட்டும் பார்த்தால், அவர் வாழ்வில் மிக உறுதியாகச் சொல்லக் கூடிய செய்தியே சிலுவைதான். டாசிட்டஸும் பவுலும் நாலு சுவிசேஷமும் இதில் ஒத்துப்போகிறார்கள். மதத்தைப் பரப்ப நினைக்கிறவன் இதைக் கற்பனை செய்யவும் மாட்டான். சிலுவை என்றால் அடிமைக்கும் கலகக்காரனுக்கும் தருகிற சாவு. ரோமில் பாலட்டைன் குன்றில், சுமார் 200ஐ ஒட்டி யாரோ சுவரில் கீறிய கேலிப் படம் ஒன்று கிடைத்தது. சிலுவையில் கழுதைத் தலையோடு ஓர் ஆள், கீழே கையை உயர்த்தியபடி ஒருவன். "அலெக்சாமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான்" என்று கிரேக்கத்தில் எழுதியிருக்கிறது. அந்த அலெக்சாமெனோஸ் தினமும் அந்தச் சுவரைக் கடந்து போயிருப்பான்.

#12 வைகறை

கேள்விக்குறி அண்ணா, உங்கள் கேள்விகள் ஒவ்வொன்றையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு வாசித்தேன்.

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியவை. மாற்குவின் முடிவைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. மத்தேயுவில் கல்லறைகள் திறந்த பகுதிக்கு என்னிடம் வரலாற்றுப் பதில் இல்லை. சபத்தாய் ஸெவி விஷயமும் சரி. "இயக்கம் தொடர்ந்தது, ஆகவே உண்மை" என்று இனி நான் சொல்ல மாட்டேன். சுவிசேஷங்களின் விவரங்கள் இடிப்பதும் உண்மை. எல்லாவற்றையும் ஒரே கோட்டில் கட்டிக் காட்டும் அட்டவணைகளை நானும் பார்த்தேன். அப்படிக் கட்டும்போது சாட்சிகளின் குரல் செத்துப்போகிறது.

ஆனால் என் பிடி சுவிசேஷங்களில் தொடங்கவில்லை. அவற்றுக்கு முன்னால், பவுலில் தொடங்குகிறது.

தெல்பியில் கிடைத்த ஒரு கல்வெட்டால், கல்லியோன் கிரேக்க நாட்டின் அகாயா மாகாணத்துக்கு ரோம அதிபதியாக இருந்தது 51–52 என்று தெரியும். பவுலைக் கொரிந்துவில் அவன் முன்னால்தான் இழுத்துக்கொண்டு போனார்கள். அதை வைத்துப் பார்த்தால் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதம் 53–55 வாக்கில் வரும். மாற்குவுக்குப் பதினைந்து வருஷம் முன்னால். அதில் பதினைந்தாம் அதிகாரத்தில் எழுதுகிறார்: "நான் அடைந்ததும் உங்களுக்குப் பிரதானமாக ஒப்புவித்ததும் என்னவென்றால்..." வாங்கினேன், கொடுத்தேன் என்கிற இந்த இரண்டு சொல்லும், ஆசிரியர் சொன்னதைச் சீஷன் வாய்மொழியாக வாங்கி அப்படியே அடுத்தவனுக்குக் கொடுக்கும்போது யூத ரபீக்கள் பயன்படுத்தும் சொல். மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாள் எழுந்தார், கேபாவுக்குத் தரிசனமானார், பின்பு பன்னிருவருக்கும். கேபா என்று பேதுருவின் அரமேயுப் பெயரிலேயே வருகிறது. பவுல் அதைக் கொரிந்துவுக்குக் கொண்டு வரும்போதே அது உருத்திரண்ட வாசகம்.

யாரிடம் வாங்கினார்? கலாத்தியர் முதல் அதிகாரத்தில் அவரே சொல்கிறார். மனம் மாறி மூன்று வருஷம் கழித்து, "பேதுருவைக் கண்டுகொள்ளும்படி நான் எருசலேமுக்குப் போய், அவனிடத்தில் பதினைந்துநாள் தங்கியிருந்தேன்." அடுத்த வரியில், கர்த்தருடைய சகோதரனாகிய யாக்கோபையும் கண்டதாகச் சொல்லி, தேவனுக்கு முன்பாகப் பொய் சொல்லவில்லை என்று சத்தியம் வைக்கிறார். சிலுவை நடந்து பத்து வருஷத்துக்குள் நடந்தது இது.

அந்தப் பதினைந்து நாளைத்தான் இந்த மூன்று மாதமாக நினைத்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு வீடு. இந்த ஆட்களைப் பிடித்துச் சிறையில் போட அலைந்த ஒருவன் விருந்தாளியாக வந்து உட்கார்ந்திருக்கிறான். எதிரில் தன் எஜமானை மூன்று தரம் தெரியாது என்று சொன்ன மீனவன். இடையில் யாக்கோபு வந்து போகிறார். பதினைந்து நாளும் வானிலையைப் பற்றியா பேசியிருப்பார்கள்? கொல்லப்பட்ட இடம் நடக்கிற தூரத்தில் இருக்கிறது. பவுல் கெட்டிக்கார வழக்காளி. ஒவ்வொன்றையும் துருவித் துருவிக் கேட்காமல் விட்டிருப்பார் என்று நான் நம்பவில்லை.

துக்கத்தில் காட்சி வரும் என்றீர்கள். வரும், ஒப்புக்கொள்கிறேன். அப்பா போன இரண்டாம் வாரம் அவர் இருமல் சத்தம் கேட்டு நானே எழுந்து உட்கார்ந்தேன். ஆனால் எழுந்து போய் "அப்பா கல்லறையைவிட்டு வந்துவிட்டார்" என்று யாரிடமும் சொல்லவில்லை. அந்தச் சத்தம், அவர் இல்லை என்பதைத்தான் எனக்கு இன்னும் அழுத்திச் சொன்னது. வேல்ஸில் பேசிய அந்த விதவைகளும் அடக்கம் செய்தவர் உயிரோடு வீடு திரும்பினார் என்று பிரசங்கிக்கவில்லை. உயிர்த்தெழுதல் என்றால் யூதர்களுக்கு உலக முடிவில் எல்லோருக்கும் சேர்ந்து நடப்பது. தானியேல் 12 அப்படித்தான் சொல்கிறது. நடுவழியில் ஓர் ஆள் மட்டும் எழுவது என்ற எதிர்பார்ப்பே யாருக்கும் இல்லை. ஆவியைப் பார்த்தோம், அவர் தேவனிடம் சேர்ந்துவிட்டார் என்று சொல்ல அவர்களிடம் வேறு சொற்கள் தயாராக இருந்தன. அவற்றை ஏன் எடுக்கவில்லை?

பவுலோ துக்கத்தில் இல்லை. பவுலுக்கு இயேசு எதிரி.

யாக்கோபின் கதை இன்னும் வேறு. கத்தோலிக்க மரபில் அவரை நெருங்கிய உறவினர் என்பார்கள். எப்படியானாலும் ஒரே வீட்டு ஆள். மாற்கு 3இல் வீட்டார் இயேசுவைப் பிடித்துக்கொண்டு போக வருகிறார்கள், புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்லி. யோவான் 7:5இல் சகோதரர்கள் நம்பவில்லை. சபையின் முதல் தலைவர்களைப் பற்றி இப்படி அவமானமான செய்தியைச் சபை தானாகக் கட்டாது. பிறகு மரத்தில் தூக்கப்படுகிறவன் தேவனால் சபிக்கப்பட்டவன் என்று நியாயப்பிரமாணம் சொல்கிற சாவு. நம்பாத தம்பிக்கு அதைவிட உறுதியான முடிவு வேறென்ன வேண்டும்? அதே தம்பி எருசலேம் சபையின் தூணாக நிற்கிறார். பழையஏடு சொன்ன அந்த 62ஆம் ஆண்டில் கல்லெறிக்கும் ஆளாகிறார். கூடப் பிறந்தவனைக் கர்த்தர் என்று கூப்பிட வைப்பது எது? உங்களுக்கு ஒரு தம்பி இருந்தால் யோசித்துப் பாருங்கள், அண்ணா. ஒரே பாயில் படுத்து, சண்டை போட்டு வளர்ந்தவனுக்கு நம் குறை எல்லாம் தெரியும்.

இரண்டுக்கும் நடுவில் இருப்பது கொரிந்தியர் கடிதத்தில் மூன்றே சொல்: "பின்பு யாக்கோபுக்குத் தரிசனமானார்." வேறு விவரம் கிடையாது.

#13 தீபச்சுடர்

இவ்வளவு நேரம் ஆண்களைப் பற்றியே பேசிவிட்டீர்கள். பெண்களைப் பற்றி நான் எழுதுகிறேன்.

கேள்விக்குறி அண்ணன் பெண்களின் எண்ணிக்கை இடிக்கிறது என்றார். இடிக்கட்டும். நாலு பேரும் ஒத்துப்போகிற இடத்தைப் பாருங்கள்: முதலில் போனது பெண்கள், நாலிலும் மகதலேனா மரியாள். பெண்களின் சாட்சியத்தை ஏற்கக் கூடாது, அவர்கள் இனத்தின் அற்பத்தனமும் துணிச்சலும்தான் காரணம் என்று அதே ஜோசபஸ் எழுதுகிறார். இரண்டாம் நூற்றாண்டில் கெல்சஸ் என்ற எதிர்ப்பாளர், "யார் பார்த்தது? பித்துப்பிடித்த ஒரு பெண்" என்று ஏளனம் செய்தார். இப்படிப்பட்ட காலத்தில் கதை கட்டுகிறவன் பேதுருவையும் யோவானையும் முதலில் அனுப்பியிருப்பான். அரிமத்தியா யோசேப்பு மாதிரிப் பெரிய மனிதரை அனுப்பியிருப்பான்.

லூக்கா 24:11 எனக்கு எப்போதும் சுடுகிற வசனம். பெண்கள் ஓடிவந்து சொல்கிறார்கள். "இவர்களுடைய வார்த்தைகள் அவர்களுக்கு வீண்பேச்சாகத் தோன்றினதினால், இவர்களை நம்பவில்லை." அப்போஸ்தலர்கள், சபையின் தலைவர்கள், பெண்கள் சொன்ன உண்மையை நம்பாமல் உட்கார்ந்திருந்தார்கள் என்று சபையே தன் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறது. வீட்டில், கூட்டத்தில், உண்மையைச் சொல்லிவிட்டு "சும்மா இரு" என்று கேட்டுப் பழகிய எந்தப் பெண்ணுக்கும் இது கற்பனை இல்லை என்று தெரியும்.

#14 கேள்விக்குறி

தீபச்சுடர், ஒரு கேள்வி. பவுலின் பட்டியலில் பெண்கள் இல்லையே? பழைய பட்டியலில் இல்லாதவர்கள் பிந்தைய கதையில் வருகிறார்கள் என்றால், பிறகு சேர்த்ததாக இருக்கலாம் அல்லவா?

#15 தீபச்சுடர்

அண்ணா, சாட்சி சொல்லக் கட்டிய பட்டியல் அது. அதில் பெண்களை விட்டதுதான் அந்தக் காலத்து இயல்பு. பட்டியல் போட்டவர்கள் விட்டதைப் பதினைந்து இருபது வருஷம் கழித்து ஒருவன் வேண்டுமென்றே உள்ளே கொண்டுவந்து தன் சாட்சியத்தையே பலவீனமாக்கிக்கொள்வானா? அந்தப் பெண்கள் இருந்தார்கள், எல்லோருக்கும் தெரியும், மறைக்க முடியவில்லை. எனக்கு அப்படித்தான் படுகிறது.

#16 கேள்விக்குறி

நியாயமான பதில். முழுசாக என்னைத் திருப்பவில்லை, ஆனால் நியாயம்.

வைகறை, நான் எங்கே நிற்கிறேன் என்று சொல்கிறேன். இயேசு வாழ்ந்தார், சிலுவையில் செத்தார், அவரைப் பார்த்தோம் என்று சிலர் உண்மையாகவே நம்பினார்கள். இது வரை எனக்கும் உங்களுக்கும் தகராறு இல்லை. யாக்கோபைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். எனக்கு ஒரு தம்பி இருந்தான். பத்தொன்பது வயதில் காய்ச்சலில் போனான். சபை முழுவதும் உபவாசம் இருந்து ஜெபித்தது. வாசித்து வெளியே வந்தேன் என்று முன்னால் எழுதினேன். பொய் சொல்லவில்லை, ஆனால் வாசிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகு.

செத்தவர் எழுவதில்லை என்பதை மனித இனம் முழுவதும் ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதற்கு எதிராகச் சில பேரின் சாட்சியம், எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும், போதுமா? 1748இல் தத்துவவாதி ஹியூம் கேட்ட கேள்வி இது. என் கேள்வியும் இதுதான். யாக்கோபுக்கு என்ன ஆயிற்று என்பதற்கு என்னிடம் நல்ல விளக்கம் இல்லை. விளக்கம் இல்லை என்பதாலேயே அற்புதம் என்று ஒப்புக்கொள்ளவும் என்னால் முடியவில்லை.

#17 பழையஏடு

இருவருக்கும் ஒரு தகவல். பின்காஸ் லாபிடே என்ற பக்தியுள்ள யூத அறிஞர், இயேசு மேசியா என்று ஏற்காதவர். ஆனாலும் தேவன் அவரை எழுப்பியது நடந்த சம்பவம் என்று 1970களில் எழுதினார். கெர்ட் லூடமன் என்ற ஜெர்மன் அறிஞர், சீஷர்கள் கண்டது உண்மை, அது மனக்காட்சி என்றார். ஒரே ஆதாரங்களைத்தான் இருவரும் பார்த்தார்கள். தேவன் என்று ஒருவர் இருந்து செயல்படக் கூடும் என்று நினைக்கிறவருக்கும் அப்படி நினைக்காதவருக்கும் தராசு ஒன்றே இல்லை. நான் இன்னும் எந்தத் தட்டிலும் ஏறவில்லை. ஆனால் இந்த இழையைத் தொடங்கும்போது இருந்த இடத்திலும் இல்லை.

#18 வைகறை

அண்ணா, தம்பியைப் பற்றி எழுதியதற்கு நன்றி. அதற்கு என்னிடம் வாதம் கிடையாது. என் அப்பாவுக்காகவும் ஜெபித்தோம்.

ஹியூமின் கேள்வியைத் தட்டிக் கழிக்கவில்லை. செத்தவர் எழுவதில்லை என்பது அந்தப் பெண்களுக்கும் தெரியும்; அதனால்தானே சுகந்தவர்க்கம் எடுத்துக்கொண்டு போனார்கள்? எழுவார் என்று நினைத்தவர் யாரும் பிணத்துக்குப் பூச வாசனைத் தைலம் கொண்டு போவதில்லை. இயற்கையாக எழுந்தார் என்று நானும் சொல்லவில்லை. தேவன் எழுப்பினார் என்கிறேன். தேவன் இருக்கிறார் என்று வேறு காரணங்களால் நம்புகிறவனுக்கு இந்தச் சாட்சியம் போதுமானது என்பதே நான் வந்து சேர்ந்த இடம். தேவனே இல்லை என்று உறுதியாக இருப்பவரை இது மட்டும் அசைக்காது. இதைப் பையனிடமும் இப்படியே சொன்னேன்.

ஆமாம், நேற்று அவனோடு உட்கார்ந்தேன். கொரிந்தியர், கலாத்தியர், பிறகு மத்தேயு கடைசி அதிகாரம். பதினேழாம் வசனத்தில் விரலை வைத்து நிறுத்திவிட்டான். உயிர்த்தெழுந்தவர் கண்ணெதிரே நிற்கிறார், பதினொரு பேரும் மலைமேல் இருக்கிறார்கள், "அவர்கள் அவரைக் கண்டு, பணிந்துகொண்டார்கள், சிலரோ சந்தேகப்பட்டார்கள்." "இத ஏன் மாமா எடுக்காம விட்டாங்க?" என்றான். இத்தனை வருஷம் அந்த அதிகாரத்தைப் பாடம் எடுத்திருக்கிறேன், அந்த மூன்றாவது துண்டை ஒருநாளும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டியதில்லை. "அப்படித்தான் நடந்திருக்கும், அதான்" என்றேன். தலையாட்டினான். நம்பிவிட்டானா, தெரியாது. புத்தகத்தை அவன் அறைக்கு எடுத்துக்கொண்டு போனான்.

#19 கேள்விக்குறி

இன்னொன்று, உங்கள் கட்சிக்கு உதவுமா எதிராகப் போகுமா என்று எனக்கே தெரியவில்லை. பட்டியலில் முதல் பெயர் கேபா. லூக்கா 24:34இலும் "சீமோனுக்குத் தரிசனமானார்" என்று ஒரு வரி வருகிறது. ஆனால் பேதுருவுக்குத் தனியாகக் கிடைத்த அந்தச் சந்திப்பை நாலு சுவிசேஷத்திலும் யாரும் விவரிக்கவில்லை. எம்மா என்ற ஊருக்குப் போன இரண்டு பேருக்கு ஒரு நீண்ட கதையே இருக்கிறது. சபையின் தலைவனுக்கு ஒரு வரி. ஏன்?

#20 வைகறை

அண்ணா, இதை நான் யோசித்ததே இல்லை.

கதை வளர்க்கிறவர்கள் முதலில் கை வைத்திருக்க வேண்டிய இடம் அதுதான். மறுதலித்தவனும் மறுதலிக்கப்பட்டவரும் தனியாக. அதற்கு ஒரு வசனம் எழுதாமல் எவன் விடுவான்? வெற்றிடமாகவே விட்டிருக்கிறார்கள். எனக்குத் தோன்றுவது இதுதான்: என்ன பேசினார்கள் என்று எழுதியவர்களுக்குத் தெரியாது, தெரியாததை அவர்கள் எழுதவில்லை. பேதுரு பார்த்தேன் என்று மட்டும் சொல்லியிருப்பார். மிச்சத்தை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்.